மைசூருக்கு இரண்டு நாள்

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்தாற்போல் கையில் கிடைத்திருக்கின்றன. போக நினைக்கும் ஊரோ இதுவரை கால் வைக்காத ஊர். இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு குடும்பஸ்தர் செய்கிற முதல் காரியம் என்ன? ஒரு லிஸ்ட் போடுவதுதான். நீங்களும் போட்டிருப்பீர்கள். ஆபீஸ் நண்பர் சொன்ன இடங்கள், மச்சினர் சொன்ன இடங்கள், செல்போன் காட்டிய இடங்கள் எல்லாம் சேர்ந்து, காகிதத்தின் பின்பக்கத்துக்கும் போய்விடும். அப்புறம் இரண்டு நாளும் அந்தக் காகிதத்தைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டு, திங்கட்கிழமை ஆபீஸில் வந்து தூங்கி வழிவோம்!

லிஸ்ட் போட யாராலும் முடியும். அதில் எதை அடிப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். உங்கள் கோஷ்டியில் யார் மிகவும் மெதுவாக நடப்பவரோ, அவருடைய காலிலிருந்து திட்டத்தை ஆரம்பியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கால் என் தாயாருடையது. வயது 72. ஓயாத முழங்கால் வலி. நாங்கள் எங்கே கிளம்பினாலும், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிடுவது அவர் வழக்கம். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டது போதும் என்று இந்தத் தடவை நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்.

தேர்ந்தெடுத்த ஊர் மைசூர். 2014-ல் அதன் பெயரை 'மைசூரு' என்று அதிகாரபூர்வமாக மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னமும் மைசூர்தான். சென்னையிலிருந்து ரயிலில் சுமார் 500 கிலோமீட்டர். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஊர். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி சுமார் 9 லட்சம் பேர் வசிக்கும் நகரம். பெங்களூரைப்போல் ஆளை மிரட்டாது. சின்ன ஊரைப்போல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தும் போகாது.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்கே படி எத்தனை?"

நியாயமான கேள்வி. சாமுண்டி மலைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள்! நல்ல வேளையாக, மலை உச்சி வரை மோட்டார் ரோடு இருக்கிறது. மலைவழியில் ஒரே கல்லில் செதுக்கிய பிரம்மாண்டமான நந்தி வீற்றிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில், தொட்ட தேவராஜர் என்ற மன்னர் காலத்தில் உருவானது. அதனருகேயும் கார் போகும். ஆகவே படிகளை அடித்தேன், மலையை வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலும் கூட்டமும் ஏறுமுன் காலையிலேயே போய் வந்துவிட வேண்டும்.

காலுக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது கடிகாரம். எந்தக் காட்சி இன்ன நேரத்தில்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறதோ, அதை முதலில் திட்டத்தில் ஆணியடித்து மாட்டிவிட வேண்டும். மற்றவை அதைச் சுற்றி வளைந்து கொடுக்கும். மைசூரில் அந்தப் பிடிவாதக்காரர் அரண்மனைதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசாங்க விடுமுறை நாட்களிலும் மாலை ஏழு மணி சுமாருக்கு, ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே சமயத்தில் எரிகின்றன. ஞாயிறன்று பகல் வண்டியில் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தவருக்கு இந்த யோகம் இல்லை. நாங்கள் இரவு வண்டிக்கே எடுத்திருக்கிறோம். முதல் பத்து நிமிஷம் கண்குளிரப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும்.

அரண்மனையைப் பற்றி இன்னொரு சங்கதி. பழைய மர அரண்மனை 1897-ல் தீக்கிரையாகிவிட்டது. இப்போது இருப்பது 1912-ல் கட்டி முடிந்தது. திட்டம் போட்டவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆகையால் சென்னைவாசிகளுக்கு ஒரு விதத்தில் பழகிய கைவேலைதான்! உள்ளே பார்க்கக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தரை வரை அனுமதி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நடை நீளமானது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒரு ஜோடி கனத்த சாக்ஸ் எடுத்துப் போவது நல்லது.

கடிகாரத்தைப் பார்த்தபோது இன்னொரு பெயர் தானாகவே அடிபட்டுப் போயிற்று. கிருஷ்ணராஜ சாகர் அணையை ஒட்டிய பிருந்தாவனத்தில் வண்ண நீரூற்றுகளும் மாலையில்தான். ஒரே மாலையில் இரண்டு இடத்தில் எப்படி நிற்பது? பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணமும் போயிற்று. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஊரை அரை மணி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவருவது அந்த ஊருக்கும் மரியாதை இல்லை.

இப்படி நான் பென்சிலும் கையுமாக அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிக்கல் முளைத்தது. நாலாம் வகுப்புப் படிக்கும் என் பையன், "மிருகக்காட்சி சாலையையும் அடிச்சாச்சா?" என்று உதட்டைப் பிதுக்கினான். 1892-ல் தொடங்கிய மைசூர் மிருகக்காட்சி சாலை பெரியது, நடந்து மாளாது.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "எனக்காக ஒண்ணொண்ணா அடிக்காதேப்பா. குழந்தை பார்க்கட்டும். நான் வரலை. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

இங்கேதான் வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் பிரயாணத்துக்கு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் முழங்கால் அல்ல. 'நம்மால் மற்றவர்களுக்கு இடைஞ்சல்' என்ற எண்ணம்தான். அவருக்காக எத்தனை இடங்களை அடித்தாலும் அந்த எண்ணம் போகாது, இன்னும் வளரும். அவருக்காக ஒரு இடத்தைச் சேர்த்தால்தான் போகும்.

சேர்த்தது என் மனைவி. "அத்தை, நீங்கள் டெலிவிஷனில் விழுந்து விழுந்து பார்த்தீர்களே, மால்குடி கதைகள்! அதை எழுதியவருடைய வீடு மைசூரில்தான் இருக்கிறது" என்றாள்.

வாஸ்தவம். யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் குடியிருந்த வீட்டை 2016-லிருந்து நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' வந்த காலத்தில், ஹிந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் அம்மா ஒரு வாரம் தவறாமல் பார்த்தாராம். பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து, காலிகோ பைண்டு போட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர் அவர்.

"அவர் எழுதின மேஜை இருக்குமோ?" என்றார் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து.

அவ்வளவுதான், திட்டம் தயார். சனிக்கிழமை காலை ஊர் சேர்ந்ததும் குளித்து, சிவப்புச் சட்னி தடவிய மைசூர் மசால் தோசை சாப்பிட்டு, மத்தியானம் வரை ஓய்வு. பிற்பகல் கோஷ்டி இரண்டாகப் பிரியும். மனைவியும் பையனும் மிருகக்காட்சி சாலை. நானும் அம்மாவும் நாராயண் வீடு. நால்வரும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே! மாலையில் மல்லிகையும் வெற்றிலையும் வாங்க தேவராஜா மார்க்கெட். ஞாயிறு காலை மலை, மத்தியானம் தூக்கம், மூன்று மணிக்கு அரண்மனை, ஏழு மணிக்கு விளக்கு, இரவு ரயில். நடுவே ஒன்றுமில்லாமல் கிடக்கும் நேரத்தை நிரப்பிவிடாதீர்கள். புது ஊரில் காபி குடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பதும் ஊர் பார்ப்பதில் சேர்த்திதான்.

தங்கும் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்கூட்டியே போன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள். காலை ஏழு மணிக்கே அறை கொடுப்பார்களா? கீழ்த்தளத்தில் அறை உண்டா, இல்லாவிட்டால் லிப்ட் உண்டா? அறையைக் காலி செய்த பிறகு மாலை வரை பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்ற பதில் வந்தால், சுவரில் என்ன படம் மாட்டியிருந்தால் நமக்கென்ன! தசரா பத்து நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தத் திருவிழாவுக்கு என்று தனியாக ஒரு பிரயாணம் போக வேண்டும். முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தில் புகுவது உசிதமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி எங்களுக்கு வண்டி. அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. இன்று காலை, அடுத்த வீட்டு அம்மாளிடம் சாவியைக் காட்டி அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது:

"ரெண்டு நாள் நாங்க ஊர்ல இல்லை. எங்க வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க."