பாகூரிலிருந்து ஒரு மூட்டை

தேசாடனம் செய்வார் பலர், தாம் புறப்பட்ட வகையையும் கண்ட காட்சிகளையும் விரித்துரைப்பர். திரும்பிவந்த வகையை எழுதுவார் அரியர். வீடு நோக்கிச் செல்லும் வண்டியில் உறங்கிவிடுவதே பெரும்பாலார் வழக்கம். ஆயினும், எமது கால்நடைப் பிரயாணத்தில் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது அத்திரும்புகாற் பயணமே யாதலின், அதனைக் குறித்து இச்சஞ்சிகையிற் சில எழுதத் துணிந்தேன்.

சென்ற தைத் திங்களில், கலாசாலைத் தோழர் மூவரும் யானும் முதுகில் மூட்டை சுமந்து, புதுச்சேரி நாட்டுப்புறத்தை நான்கு நாள் நடந்து கண்டோம். ஊசுட்டேரியில் தொடங்கி, வில்லியனூர், கீழூர் வழியாகச் சென்று பாகூரில் முடித்தோம். மாரிக்காலத்து நீர் ஏரிகளில் நிறைந்திருந்தது; சம்பா நெல் அறுவடையாகிக் கொண்டிருந்தது. தேசப்படத்தில் இப்பிரதேசம் கிழிந்த துணிபோலத் தோன்றும். புதுச்சேரிக்குரிய ஊர்களின் இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள் விரவிக் கிடக்கும். முற்காலத்துப் பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற அவ்வெல்லையைக் கால்கள் அறியா, பெயர்ப்பலகைகளே அறிவிக்கும்.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் ஆலயத்தையும், 1877-ஆம் ஆண்டில் எழுந்த லூர்து மாதா கோயிலையும் அதன் திருக்குளத்தையும் கண்டோம். அவ்வாலயத் தேரை ஆளுநரே வடம்பிடித்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு வரும் மரபு. கீழூரில், 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்த இடத்தில் நின்றோம். இந்தியாவுடன் இணைதலை 170 பேர் விரும்பினர்; 8 பேர் மறுத்தனர். அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைம்மாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நிறைவேறிற்று.

பாகூரில் மூலநாதர் கோயிற் சுவர்களிற் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் உள. எனினும் மாணவராகிய எம்மைப் பெரிதும் கவர்ந்தது அவ்வூர்ச் செப்பேட்டின் செய்தியாகும். ஒன்பதாம் நூற்றாண்டிற் பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மன், தன் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக வழங்கினான் என அது கூறுகின்றது. வித்தியாஸ்தானமென்பது இக்காலத்து மொழியிற் கலாசாலையே. மூன்று ஊர்களின் விளைவு கல்விக்கு உரியதாயிற்று என்பது அதன் பொருள். அக்கலாசாலையின் சுவடு எதுவும் எம் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஏரியையும் வயலையுமே கண்டோம்.

நான்காம் நாள் மாலை புதுச்சேரி சேர்ந்து, இரவு 9 மணிக்கு மதுரை செல்லும் பஸ்ஸில் ஏறினோம். ஏறக்குறைய 330 கிலோமீட்டர் தொலை. கடைசி ஆசனத்தில் எமக்கருகே, ஐம்பது பிராயமுள்ள ஓர் அம்மையார் 25 கிலோ அரிசி மூட்டையொன்றுடன் வந்தமர்ந்தார். நடைவழியில் மூட்டை கிடத்தலாகாது என்றார் கண்டக்டர். அவர் கூற்று நியாயமே. யாங்கள் எம் பைகளை மடிமீது எடுத்துக்கொண்டு, அம்மூட்டையைக் காலடியில் இருத்தினோம்.

“தம்பிகளுக்கு எந்த ஊர்?” என்றார் அம்மையார்.

“மதுரை, அம்மா. பாகூரெல்லாம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.”

“எங்கள் பாகூரா? அங்கே நடந்து பார்க்க என்ன இருக்கிறது?” என்று அவர் நகைத்தார்.

பின்னர்த் தம் காரியத்தைச் சொன்னார். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆயின. முக்காற் காணி நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறார். மகள் திருச்சிராப்பள்ளியில் செவிலியர் கல்வி இரண்டாம் ஆண்டு பயில்கின்றாள். விடுதிச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட இயலாமையால், தோழியர் இருவருடன் ஓர் அறை எடுத்துச் சமைத்து உண்கின்றாள். அதற்கும் முட்டுப்பாடு நேரவே, படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்துவிடுவதாகச் சொன்னாளாம்.

“அரிசி தீருமுன்னே அடுத்த மூட்டை வரும் என்று டெலிபோனில் சொன்னேன், நம்பவில்லை. மூட்டையைக் கண்ணால் கண்டால் நம்புவாள், தம்பி.”

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அப்பால் அவர் அதுகாறும் சென்றதில்லை. வில்லியனூர் கடந்தது, அரியபாளையம் பாலத்தின்மேற் சங்கராபரணி கடந்தது, கண்டமங்கலத்தில் தமிழ்நாடு, திருபுவனையில் மீண்டும் புதுச்சேரி, வளவனூரில் மறுபடி தமிழ்நாடு. ஒவ்வொரு விளக்கு வெளிச்சத்திலும், “திருச்சி வந்துவிட்டதா?” என வினவினார். விழுப்புரம் தாண்டியபின், யாங்கள் முறைவைத்து விழித்திருப்பதாக வாக்களிக்கவே, மூட்டைமேல் ஒரு காலை ஊன்றியபடி உறங்கலானார். உளுந்தூர்ப்பேட்டை வரை ஒருவரும், பெரம்பலூர் வரை மற்றொருவரும் காவலிருந்தோம்.

இரவு 2 மணிக்குத் திருச்சிராப்பள்ளி வந்தது. மூட்டையை இறக்கித் தந்தோம், சுமந்துவர ஒருப்படவில்லை. “விடியும்வரை இங்கேயே இருப்பேன், விடிந்ததும் அவள் வருவாள். நீங்கள் போய் நன்றாகப் படியுங்கள்” என்று கூறி, மூட்டைமேற் சாய்ந்து அமர்ந்தார். வண்டி நகர்ந்தது. மேலூர் வரையில் எம்முள் எவரும் பேசவில்லை.

எம் முதுகுச் சுமை யாமே விரும்பி ஏற்றது, வேண்டும்போது இறக்கிவைக்கத்தக்கது. அவ்வம்மையாரின் சுமையோ அடுத்த அறுவடையிலும் எடுக்கப்பட வேண்டியது. மன்னன் கல்விக்களித்த கொடை செம்பிற் பொறிக்கப்பெற்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுகின்றது. அதே பாகூர் மண்ணிலிருந்து இன்றும் கல்விக்கு அரிசி செல்கின்றது. அதற்குச் சாட்சி ஒரு பஸ் சீட்டேயாகும்.

நம் கலாசாலைக் கணக்கேடுகளில் ஒவ்வொருவர் சம்பளமும் ரூபாயாகவே எழுதப்படுகின்றது; அந்த ரூபாய் எவ்வாறு வந்ததென அவ்வேடு கூறாது. ஆதலின், விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் படிப்புக்காக எவ்வயல் விளைந்தது, எது விற்கப்பட்டது என்று பெற்றோரை ஒருமுறையேனும் கேட்டறிவாராக.