அப்பாவின் வயிற்றில் ஒரு துணிக்குழாய்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. முதுகும் வலித்தது. நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கு முதுகுவலி ஒரு செய்தியா? வாயுப்பிடிப்பு என்று தைலம் தடவியே மூன்று வாரத்தைக் கழித்துவிட்டோம். காய்ச்சல் மட்டும் மாலைதோறும் தவறாமல் வந்தது.

மதுரையில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி வயிற்றுக்குள் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. இரத்தத்தில் கலந்த சால்மொனெல்லாக் கிருமி அதன் சுவரை அரித்துக்கொண்டிருந்தது. சீட்டில் 'மைக்காடிக் அனியூரிசம்' என்று எழுதியிருந்தார்கள். தாவரவியல் மாணவனாகிய நான், அது பூஞ்சை நோய் என்று அம்மாவுக்கு விரிவுரையே ஆற்றிவிட்டேன். மருத்துவர் சிரித்தார். "1885-இல் ஆஸ்லர் வைத்த பெயர், தம்பி. பெயரில்தான் பூஞ்சை. பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலைதான்." என் படிப்பின் ஆழம் அன்று விளங்கியது!

வீக்கம் எந்த நேரமும் வெடிக்கலாம். வயிற்றைத் திறந்து, கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் தைப்பது ஒரு வழி. ஏற்கெனவே மாரடைப்பு வந்து தேறிய உடம்பு அதைத் தாங்காது என்றார்கள். மற்றொன்று, தொடையிடுக்குத் தமனி வழியே கம்பியைச் செலுத்தி, உலோக வலையோடு தைத்த பாலியெஸ்டர் குழாயைச் சுருக்கிக் கொண்டுபோய், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி உள்ளே விரிப்பது. வயிற்றுத் தமனி வீக்கத்துக்கு இந்த முறையை 1990-இல் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி செய்துகாட்டினாராம்.

"பாலியெஸ்டரா? நல்லா உழைக்கும்" என்றார் அப்பா, படுத்தபடியே.

அம்மாதான் கேட்டாள்: "கிருமி இருக்கிற எடத்துலயே துணியை வைக்கிறீங்களே, அந்தத் துணியையும் கிருமி பிடிச்சுக்காதுங்களா ஐயா?"

எனக்குத் தோன்றாத கேள்வி. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "பிடிக்கலாம் அம்மா. இது வெடிக்காமல் காக்கும், கிருமியை எடுக்காது. கிருமியோடு மருந்துதான் போராட வேண்டும். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுதும்."

படிவத்தில் கையெழுத்திட்டபோது என் கை நடுங்கியது.

மூன்றாம் நாள் அப்பா எழுந்து நடந்தார். ஆறு வாரம் நரம்பு வழி ஊசிமருந்து, பிறகு மாத்திரைகள். காய்ச்சல்தான் இல்லையே என்று சித்திரையில் நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். அன்று வீட்டில் நான் போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டது. அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

வரும் வெள்ளிக்கிழமை அடுத்த ஸ்கேன். இந்தக் கட்டுரையை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு நான் பேருந்துக்கு ஓட வேண்டும்.