எழுபது வளைவுகளும் ஒரு விரலும்

கொல்லிமலை என்றதும் உங்களுக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். இல்லாவிட்டால் ஆகாயகங்கை அருவி. சைக்கிளில் ஏறியவரைக் கேட்டுப் பாருங்கள், "70 கொண்டை ஊசி வளைவு!" என்பார்.

திரும்பும் நாளன்று, செம்மேட்டு டீக்கடை வாசலில் நண்பர் தம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். ரிம்மின் பக்கவாட்டில், பிரேக் கட்டை உரசும் இடத்தில், விரலை ஓட்டினார். முகம் மாறியது. தட்டையாக இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது! தேய்மானம் காட்டுவதற்கென்றே வெட்டியிருந்த மெல்லிய கோடும் மறைந்திருந்தது.

பிரேக் பிடிக்கும்போது கட்டை மட்டுமா தேய்கிறது? ரிம்மும் தேய்கிறது. மெலிந்த ரிம்மை டயரின் காற்றழுத்தமே பிளந்துவிடக்கூடும். அதுவும் இறக்கத்தில், முன் சக்கரத்தில் என்றால்?

காரவள்ளிக்கு வேனில் இறங்கினோம். எழுபதையும் எண்ணி முடித்த நண்பர் சொன்னார்: "கட்டையை மாற்ற மறந்ததே இல்லை, ஸார். ரிம்மைத்தான் பார்த்ததே இல்லை!"

நீங்கள் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள்.