அப்பாவுக்கு ஏழு நிமிஷம்!

எங்க வீட்டுல முதல்ல கண் முழிக்கிறது அம்மா இல்லை... அப்பாவோட செல்போன்! காலையில 5.30-க்கு முதல் அலாரம். அம்மா மாத்திரையும் தண்ணியும் எடுத்துக் கொடுக்க, கட்டில்ல உட்கார்ந்தபடியே அப்பா முழுங்குவார். அது வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். அதுவரைக்கும் கட்டிலைவிட்டு இறங்குறதே பெரிய வேலை. அப்புறம் ராத்திரி வரைக்கும் இன்னும் நாலு அலாரம். எழுபது வயசுக்காரர்னு நினைச்சுடாதீங்க. அப்பாவுக்கு 47!

பார்க்கின்சன்னா தாத்தா, பாட்டிக்கு வர்ற கைநடுக்கம்னுதான் நானும் நினைச்சுட்டிருந்தேன். 50 வயசுக்கு முன்னாடியே வந்தா அதை 'இளவயது பார்க்கின்சன்'னு சொல்றாங்க. 'பேக் டு தி ஃப்யூச்சர்' ஹீரோ மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல இது இருக்குன்னு தெரிஞ்சப்போ வயசு 29. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-ல, 42 வயசுல. எங்கப்பாவுக்கும் அதே 42! மத்தபடி அலிக்கும் அப்பாவுக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. அப்பா, திண்டுக்கல்ல டி.வி. மெக்கானிக்.

முதல்ல மாட்டிக்கிட்டது பில் புக்லதான். முத்து முத்தா எழுதுற அப்பாவோட எழுத்து, வரி முடியறதுக்குள்ள எறும்பு சைஸுக்குச் சுருங்க ஆரம்பிச்சது. நடக்கும்போது வலது கை வீசவே இல்லை. 'தோள்பட்டை இறுக்கம்'னு சொல்லி நாலு மாசம் பிசியோதெரபி ஓடுச்சு. சாம்பார் அடிப்பிடிச்ச வாசனைகூட அவருக்குத் தெரியலை. அதுவும் இந்த நோயோட முன் அறிகுறின்னு அப்போ யாருக்குத் தெரியும்?

மதுரையில நரம்பியல் டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். வராண்டாவுல நடக்கவிட்டுப் பார்த்தார். பேப்பர்ல சுருள் வரையச் சொன்னார். நோய் பேரைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சால்டரிங் பண்ண முடியுமா சார்?"

நான் இ.சி.இ. மூணாவது வருஷம். அதனால எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். மூளையில டோபமைன் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியுது. அதனால அசைவுக்கான சிக்னல் வீக் ஆகிடுது. நடுக்கம் வினாடிக்கு நாலுல இருந்து ஆறு தடவை, அதாவது 4-6 ஹெர்ட்ஸ். ஒரு ஆச்சர்யம் என்னன்னா, கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும். சால்டரிங் அயர்னைக் கையில எடுத்தா ஆட்டம் குறைஞ்சிடும்! அப்பாவைப் படுத்துறது நடுக்கம் இல்லை, வேகம் குறையறதுதான். சட்டை பட்டன், சில்லறை எண்ணுறது, தோசையைப் பிய்க்கிறது... ஒவ்வொண்ணும் ஸ்லோ மோஷன்.

அப்பாவோட நாள், 'ஆன்' நேரம், 'ஆஃப்' நேரம்னு ரெண்டா பிரிஞ்சிருக்கு. மருந்து வேலை செய்யறப்போ ஆன். தீர்ந்துட்டா ஆஃப். இந்த மருந்தும் சாப்பாட்டுல இருக்கிற புரதமும் உடம்புக்குள்ள போக ஒரே கதவுலதான் முட்டி மோதும். அதனால மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல இடைவெளி உண்டு, முட்டையும் பருப்பும் ராத்திரிக்குத்தான்னு டாக்டர்கிட்ட கேட்டு அம்மா டைம்டேபிளே போட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். அதுல நிஜமாவே இந்த மருந்துப் பொருள் இருக்காம். ஆனா, 'எவ்வளவு இருக்குன்னு அளவு தெரியாம மாத்திரையோட சேர்க்கக் கூடாது'ன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார்.

ஆஃப் நேரத்துல வாசப்படிகிட்ட வந்தா, கால் தரையில ஒட்டின மாதிரி நின்னுடும். ஆனா, அதே மனுஷர் மாடிப்படி ஏறிடுவார்! கண்ணுக்கு ஒரு கோடு தெரிஞ்சா கால் தாண்டிடுமாம். கடையில இருந்து மஞ்சள் இன்சுலேஷன் டேப் எடுத்துட்டு வந்து, ஹால்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் தரையில கோடு கோடா ஒட்டினேன். ஒரு கோடு, ஒரு அடி. வர்ற விருந்தாளிங்க எல்லாரும், "என்னப்பா, பாண்டி ஆடுறீங்களா?"ன்னு கேட்பாங்க.

இவ்வளவு பொறுப்பான பையனான்னு பாராட்டிடாதீங்க. அடுத்த விஷயத்தையும் கேளுங்க.

செகண்ட் இயர் செமஸ்டர் பரீட்சை. ஹால் டிக்கெட்டை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். அப்பா பஸ் ஏறி காலேஜுக்கே கொண்டுவந்தார். சில நேரம் மருந்து உச்சத்துல இருக்கும்போது உடம்பு தானா வளைஞ்சு நெளியும். அப்படித்தான் கேட்டுகிட்ட வந்து இறங்கினார். பக்கத்துல நின்ன ஃப்ரெண்ட், "யார்றா இது, காலையிலேயே ஃபுல் போல!"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அப்பா எங்க பக்கம் பார்த்தார். வாட்ச்மேன்கிட்ட ஹால் டிக்கெட்டைக் கொடுத்துட்டுத் திரும்பிட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "ஹால் டிக்கெட் கிடைச்சுச்சா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். இந்த நோயில முகத் தசைகளும் இறுகிடும். கோபமா, வருத்தமா, எதுவும் முகத்துல தெரியாது. அவர் முகத்துல ஏதாவது தெரியாதான்னு அன்னிக்கு ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன்.

ஒரு வாரம் கழிச்சு அந்த ஃப்ரெண்ட்கிட்ட, "அன்னிக்கு வந்தவர் எங்கப்பாடா"ன்னு சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போச்சு. அப்பாகிட்ட ஸாரி கேட்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. "பஸ்லயும் அப்படித்தான் சொன்னாங்க. தெரியாதவங்க சொல்றது வேற"ன்னார். அவ்வளவுதான். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகைகள்ல பார்க்கின்சனும் ஒண்ணு. 'அந்த கார்டெல்லாம் எனக்கு எதுக்கு?'ன்னு தள்ளிப்போட்டுட்டே வந்தவர், அதுக்கப்புறம்தான் விண்ணப்பிச்சார். இப்போ கார்டு சட்டைப் பையில இருக்கு.

அந்தக் குற்ற உணர்ச்சியில, எல்லாத்தையும் நானே செய்ய ஆரம்பிச்சேன். மாமா வீட்டுக் கல்யாணம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. அப்பா மூணாவது பட்டன்கிட்ட போராடிட்டிருந்தார். "விடுங்கப்பா"ன்னு கையைத் தள்ளிட்டு மடமடன்னு போட்டுவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசலை. ஒவ்வொரு பட்டனா கழட்டினார். திரும்ப முதல்ல இருந்து போட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன்... போட்டு முடிக்க ஏழு நிமிஷம்.

"என்னால முடியாதப்போ நானே கூப்பிடுறேன் தம்பி. அதுவரைக்கும் கொஞ்சம் பொறு"ன்னார். பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ல போனோம். தாலி கட்டுறதைப் பார்க்க முடியலை. சாப்பாடு கிடைச்சுது!

மூளைக்குள்ள எலெக்ட்ரோடு வெச்சு, பேஸ்மேக்கர் மாதிரி துடிப்பு கொடுக்கிற ஆபரேஷன்கூட இருக்கு. அப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். மருந்து இந்த நோயைக் குணப்படுத்தாது, சமாளிக்கத்தான் உதவும்னும் தெரியும். அதனால நாங்க எங்களை மாத்திக்கிட்டோம். வெளியே கிளம்பணும்னா அரை மணி முன்னாடியே ரெடி ஆகிறோம். கடை, அப்பாவோட ஆன் நேரத்துல மட்டும் திறந்திருக்கும். எங்கே கோளாறுன்னு மல்டிமீட்டர் வெச்சு அவர் கண்டுபிடிப்பார். குட்டிக் குட்டி பார்ட்ஸை ஞாயித்துக்கிழமை நான் சால்டர் பண்ணுவேன். இதுவரைக்கும் ரெண்டு போர்டைக் கருக்கியிருக்கேன். "அவசரம்... உனக்கு எல்லாத்துலயும் அவசரம்"னு திட்டு விழும்.

ஃப்ரெண்ட்ஸ், உங்களுக்கு முன்னாடி கவுன்ட்டர்ல ஒருத்தர் சில்லறை எடுக்கத் தடுமாறினா, பஸ் படியில ஒருத்தர் கால் எடுக்காம நின்னா, 'குடிச்சிருக்கான்'னு முடிவு கட்டிடாதீங்க. 'சீக்கிரம்'னும் சொல்லாதீங்க. ஒரு ரெண்டு நிமிஷம் பொறுங்க. எங்கப்பாவா இருந்தா... ஏழு நிமிஷம். ப்ளீஸ்!