வாடைக் காற்றில் கொடுவா

பொத்தேரி ஏரியில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு மீன் என்றால் விராலும் கெளுத்தியும் கெண்டையும்தாம். மண்புழுவும் மூங்கிற்கழியும் இருந்தால் போதும்; காற்றைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஊருக்கு நேர்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் கடல். அதற்குச் சற்று முன்னரே, கோவளத்தில் கடலோடு கலக்கும் உப்பங்கழி தெற்கு நோக்கி நெடுந்தொலைவு நீண்டு கிடக்கிறது. அங்கே தூண்டிற்காரர் தேடும் மீன் கொடுவா.

கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. உவர்நீரில் பிறக்கும் குஞ்சு, முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கழிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி, நன்னீரிலும் வளரும். இனம் பெருக்க மீண்டும் கடல்முகத்தை நாடும். பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சியடைந்து, சில ஆண்டுகள் கழித்து உடல் பெருத்தபின் பெண்ணாக மாறும். ஆகவே ஒரு கழியில் உள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய அனைத்தும் தாய்மீன்களே. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997ஆம் ஆண்டு இம்மீனை அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்வித்தனர். இந்தியாவில் அதுவே முதன்முறை. ஆஸ்திரேலியாவில் இதற்குப் பாரமுண்டி என்று பெயர். அங்குள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தின் இயற்கை நீர்நிலைகளில், 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் போலவே 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் நீரில் விட்டுவிட வேண்டும். சிறியதை விடுவது எவருக்கும் புரியும். பெரியதையும் விடச் சொல்லும் சட்டத்தை நான் வியப்போடு படித்தேன்.

ஓர் அரையாண்டு விடுமுறையில், என்னிடம் பயின்று இப்போது கடல்தொழில் செய்யும் ஒருவர், திருவிடந்தைக்கு மேற்கேயுள்ள கழிக்கு என்னை அழைத்துச் சென்றார். மார்கழி வாடை நான்கு நாளாகத் தணியவில்லை. படகுகள் கரையிலேயே கிடந்தன. எனக்கு அது உலா. அவருக்கு அன்றைய வருமானம்.

சாலையை விட்டு உப்புமண்ணில் அரைமணி நேரம் நடந்தோம். கண்ணுக்கெட்டிய வரை வீடு இல்லை. வடகரையில், சவுக்கு மரங்களின் மறைவில் நீர் அசைவற்றிருந்தது. அங்கே அமரலாமா என்று கேட்டேன்.

"அது நமக்கு நல்ல கரை ஐயா, மீனுக்கு இல்ல" என்று தென்கரைக்கு நடந்தார்.

காற்று முகத்தில் அறையும் இடம் அது. சிறிது நேரம் நின்றபின் காரணம் விளங்கியது. வாடை மேல்நீரைத் தென்கரைக்குத் தள்ளுகிறது; அதனோடு இறாலும் பொடிமீனும் ஒதுங்குகின்றன; அலை கரைச்சேற்றைக் கலக்குகிறது. பதுங்கி வேட்டையாடும் கொடுவாவுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? தூண்டிற்காரருக்கோ எல்லாமே எதிர். எறிந்த இரை காலடியிலேயே விழும். நைலான் நரம்பு வில்லாக வளைவதால் மீன் தொடுவது விரலுக்குத் தெரியாது. அவர் கனத்த ஈயக்குண்டு கட்டி, உயிர் இறாலை முள்ளில் கோத்து, காற்றுக்குக் கீழே தாழ எறிந்தார்.

முதலில் சாண் அளவில் இரண்டு குட்டிகள். இரண்டையும் நீரில் விட்டார். "வளரட்டும் ஐயா."

பொழுது சாயும் வேளையில் நரம்பு விர்ரென்று ஓடியது. மீன் முழு உடலையும் நீருக்கு மேலே தூக்கி, செவுள் விரியத் தலையை உதறியது. முள்ளைக் கழற்ற அது செய்யும் உத்தி அதுதான். நரம்பு சற்றுத் தளர்ந்தாலும் மீன் போய்விடும். அவர் முழங்கால் நீரில் இறங்கி, விட்டும் இழுத்தும் கால்மணி நேரத்தில் கரையேற்றினார். செவுள்மூடியின் விளிம்பு கத்தி போன்றது. துண்டைச் சுற்றிக்கொண்டே பிடித்தார்.

இவ்வளவு பெரியது பெண்ணாகத்தான் இருக்கும் என்பது என் நாநுனி வரை வந்தது. மாதச் சம்பளம் வாங்குபவன் அதை எந்தக் குரலில் சொல்வது? குயின்ஸ்லாந்துச் சட்டத்தை மட்டும் ஒரு செய்தியாகச் சொன்னேன். அவர் கோணிப்பையை விரித்தபடியே கேட்டார்.

"தாய்மீன்னு எங்களுக்கும் தெரியும் ஐயா. நாலு நாளா வீடு கடன்ல ஓடுது." சற்றுப் பொறுத்து, "மேலளவு எவ்வளவு சொன்னீங்க?" என்றார்.

"120 சென்டிமீட்டர், தம்பி. இரண்டரை முழத்துக்குச் சற்றுக் கூடுதல்."

மீனின்மீது கையை வைத்து முழம் போட்டார். இரண்டு முழத்துக்கு நான்கு விரற்கடை குறைவாக இருந்தது.

"அப்போ அந்த ஊர்லயும் எடுத்துட்டுப் போகலாம் ஐயா" என்று காற்றை மீறிச் சிரித்துவிட்டுக் கோணியின் வாயைக் கட்டினார். கோவளத்து வியாபாரி தராசை எடுத்து வைக்குமுன் போய்ச் சேர வேண்டும். இருவரும் விரைந்து நடந்தோம்.