பீலிக்கரையில் கரைகிற யூரியா

பெல்மதுளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களின் வேலை மலையில் தொடங்குவதில்லை, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தொடங்குகிறது. இலைக்கு அடிக்க வேண்டிய யூரியாவும் சிங்க் சல்பேற்றும் முதலில் வாளியில் கரைய வேண்டும். பிறகு சாக்குத்துணியில் வடிந்து பீப்பாய்க்குப் போய், கடைசியாகத்தான் முதுகு டாங்கிக்கு ஏறும். விசிறுவதைப் பார்க்கப் போனவன், வாளியருகிலேயே நின்றுவிட்டேன்.

"கைய உள்ள விட்டுப் பாருங்க சேர்" என்றார் குழுவில் மூத்தவர். வெளியே சட்டை நனையும் புழுக்கம். யூரியா கொட்டிய வாளியில் விரல்கள் சில்லிட்டன. "ஐஸ் போடலங்க. அதுவா குளிருது" என்று சிரித்தார் பக்கத்தில் நின்ற இளைஞர்.

யூரியா உப்பு இல்லை என்று வேதியியல் ஆசிரியர்கள் திருத்துவார்கள்; ஆனால் இந்த விஷயத்தில் பல உப்புகளைப் போலத்தான் நடந்துகொள்கிறது. கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 10 லீற்றர் தண்ணீரில் 1 கிலோ கரைந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை இறங்கும். எம்.ஓ.பி. என்று தோட்டத்தில் சொல்லும் பொட்டாசியம் குளோரைட்டும் இப்படியே.

உயர்தர வகுப்பில் வரைந்த கரைதிறன் வரைபுகள் நினைவுக்கு வந்தன. 100 கிராம் தண்ணீரில் யூரியா 0 பாகையில் சுமார் 67 கிராம் கரையும். 20 பாகையில் 108, 40 பாகையில் 167. சோற்றுப்புக்கு இந்த ஏற்றம் கிடையாது: 0 பாகையில் 35.7 கிராம், கொதிநிலையில் 39தான். வெப்பத்தை அதிகம் கேட்கும் பொருள்தான் சூட்டில் அதிகம் கரையும். சோற்றுப்பு கேட்பது மிகச் சொற்பம்.

இலையில் விசிறும் கரைசலோ மிகவும் நீர்த்தது, அந்த எல்லைகளுக்குப் பக்கத்திலேயே போகாது. அப்படியானால் வரைபுக்கு இங்கே என்ன வேலை? அவசரத்தில் 5 கிலோ யூரியாவை 5 லீற்றர் தண்ணீரில் கொட்டுகிறார்களே, அந்த வாளியில்தான் வேலை. 25 பாகைத் தண்ணீருக்கு அது தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் கரையக் கரையத் தண்ணீர் குளிர்கிறது, குளிரக் குளிர எல்லையும் இறங்குகிறது. மிச்சம் அடியில் மணலாகத் தங்கிவிடும். யூரியா தன் வழியைத் தானே மறித்துக்கொள்கிறது. அவசரமில்லாத நாளில், புத்தகம் படிக்காத இந்த ஆட்கள் அதைப் பாதி பாதியாகப் போட்டு, நடுவில் தண்ணீர் சேர்ப்பது சரியான வேதியியல். கரையாத குருணை விசிறியின் மூக்கை அடைத்துவிட்டால், மலை நடுவில் டாங்கியை இறக்கிக் கழற்ற வேண்டும்.

மழையும் சேர்ந்து படுத்துகிறது. பக்கத்து இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே யூரியா ஈரம் இழுக்கத் தொடங்கும். இங்கே தாண்டாத நாள் அபூர்வம். ஸ்டோரில் மூட்டை கல்லாகிவிடுகிறது. கட்டையால் உடைத்தாலும் கட்டி கட்டியாகத்தான் விழும், கட்டி சீக்கிரம் கரையாது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் விலக்கிக்கொண்டார்களே, அதன் பிறகு இறுகிய மூட்டையையும் யாரும் தூக்கி எறிவதில்லை.

பீப்பாயை முதல்நாள் வெயிலில் வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகும், கரைப்பது சுலபம். மூத்தவருக்கு இது தெரியும். "வெயில் அடிச்சாத்தானேங்க" என்றார். விசிறுவதை உச்சிவெயிலில் வைத்துக்கொள்ளவும் முடியாது. இலைமேல் துளி சட்டென்று வற்றி உப்பு செறிந்தால் ஓரம் கருகும். பிந்தினால் பிற்பகல் மழை கழுவிவிடும். காலை வேளைதான் மிச்சம்.

அந்தத் தோட்டத்தில் கூலிக்கணக்கு டாங்கியில். நாளுக்கு இத்தனை டாங்கி அடித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. கரைக்கும் நேரம் எதில் சேரும் என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். "அது அந்த வேலையோட வாறதுதானே" என்றார்.

அதனால் குழுவில் ஒருவர் முறைவைத்து விடியுமுன் வந்து கரைக்கத் தொடங்குகிறார். அந்த நேரத்துப் பீலித் தண்ணீர்தான் நாளிலேயே அதிகம் குளிர்ந்தது; கரைய அதிக நேரம் பிடிப்பதும் அதில்தான். அந்த நேரத்துக்குக் கூலிப் பதிவேடான செக்ரோலில் பதிவு கிடையாது.