பேட்டர்ன் மாஸ்டரைத் தேடி: திருப்பூரில் ஒரு சனிக்கிழமை

"திருப்பூருக்குத் தைக்கத்தான் தெரியும். டிசைன் எல்லாம் வெளியிலிருந்து வரும்." கோவையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் இப்படி அடித்துச் சொன்னார். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊரை ஒரே வரியில் முடித்துவிட முடியுமா? இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் முழங்கை வரை இறங்கிய கையும், முதுகு முழுக்கப் படமுமாகத் தொளதொளவென்று ஒரு டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அந்த உடுப்பை யார் வரைகிறார்கள், யார் வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். சனிக்கிழமையாகப் பார்த்துப் போனேன். பனியன் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம்.

ரயில் நிலையத்திலிருந்து காதர்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். தெருவுக்குள் நுழையும் முன்பே புதுத் துணியின் வாசம் மூக்கில் ஏறிவிடுகிறது, சாயமும் பாலித்தீனும் கலந்த வாசம். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை, நடுவில் ஓட்டுகிறவரின் தலை மட்டும் தெரிகிறது. 2023 ஜூனில் இந்தப் பகுதியில் தீப்பிடித்து ஐம்பது கடைகள் வரை எரிந்துபோயின. அன்று எரிந்த பனியன் சந்தைதான் இது என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு இன்று கூட்டம். ரவுண்டு நெக் 90 ரூபாய், டிராக் பேன்ட் 150, குழந்தைகள் செட் 120 என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பெரிய டீ-சர்ட் இருந்த முதல் கடையில் விலை 220 என்றார்கள். "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ங்ணா, ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய மால்" என்றார் கடைக்காரப் பையன். அடுக்கைப் புரட்டிப் பார்த்தேன். எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எல்லா சைஸும் இருந்தன, கறுப்பு, காப்பிக்கொட்டை நிறம், பாசிப்பச்சை என்று ஒவ்வொரு நிறத்திலும். உண்மையான சர்ப்ளஸ் லாட் இப்படி வராது. ஆர்டரில் மிஞ்சியதும் செக்கிங்கில் கழிந்ததும்தானே வரும்? நாலு எம் இருக்கும், எல் ஒன்றுகூட இருக்காது. அடுத்த கடையில் வேறு பிராண்டு என்று காட்டிய டீ-சர்ட்டிலும் அதே கழுத்துப்பட்டை, அதே தையல், அதே எழுத்தில் சைஸ். இரண்டும் ஒரே அறையில் வெட்டியவை என்று கண்ணுக்கே தெரிந்தது. இந்த ஊர்க்காரர்களே தீர்மானித்துத் தைத்த உடுப்பை வெளிநாட்டுப் பெயர் சொல்லி விற்கிறார்கள். இத்தனை நன்றாகத் தைத்துவிட்டு ஏன் இந்தக் கூச்சம்?

துணி 240 ஜிஎஸ்எம் என்றும் சொன்னார்கள். கையில் பிடித்தால் அவ்வளவு கனம் தெரியவில்லை. ஒன்றை வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி மாடியில் இருந்த பிரின்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே ஜிஎஸ்எம் கட்டரை எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான கருவி. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் விழும். அதைச் சின்னத் தராசில் போட்டு வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. தராசில் 2.1 என்று வந்து நின்றது. ஆக 210. மோசமில்லை, சாதாரண டீ-சர்ட் 160, 180-தான் இருக்கும். ஆனால் 240 இல்லை.

அந்தப் பட்டறையில்தான் ஊர் எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பார்த்தேன். ஒரு பக்கம் பழைய டேபிள் பிரின்டிங். நீள மேசையில் கோந்து தடவி, வெட்டிய துணிகளை வரிசையாக ஒட்டி, சட்டத்தை வைத்து வைத்து மையை இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஒரு ஸ்கிரீன் போட 400 ரூபாய். ஐந்து நிறப் படம் என்றால் தொடங்கும் முன்பே 2,000 ரூபாய் போய்விடும், அதனால் நூறு பீஸுக்குக் கீழே யாரும் தொடுவதில்லை. இன்னொரு பக்கம் டிடிஎஃப் மெஷின். படத்தைப் பிளாஸ்டிக் ஃபிலிமில் திருப்பி அச்சடிக்கிறது, மேலே வெள்ளை மை. அதன்மேல் பசைத்தூள் தூவிச் சூடேற்றி, துணியில் வைத்து அழுத்தினால் படம் ஒட்டிக்கொள்கிறது. ஏ3 அளவுக்கு 90 ரூபாய். ஒரே ஒரு டீ-சர்ட் என்றாலும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

நான் நின்றிருந்தபோதே சேலத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அய்யனார் முகம், அரிவாள் மீசை, கண்ணில் குளிர்க்கண்ணாடி. அவனே ஃபோனில் வரைந்த படம். ஆறு பீஸ் போட்டுக்கொண்டான். "ஆறும் ஓடுச்சுன்னா அறுபது போடுவேங்ணா" என்றான். 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டீ-சர்ட் வாங்க வந்ததிலிருந்து ஆயிரம், லட்சம் என்றே எண்ணிப் பழகிய ஊர் இது. அங்கே ஆறு பீஸ்காரனுக்கும் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஏற்றுமதி ஆர்டர்கள் தேங்கின. அப்போது கைகொடுத்தவர்களில் இப்படிப்பட்ட சின்னப் பையன்களும் உண்டு என்று பட்டறைக்காரர் சொன்னார். எவ்வளவு கைகொடுத்தார்கள் என்று தெரியாது, மெஷின் நிற்காமல் ஓடியதை மட்டும் பார்த்தேன். டிடிஎஃப்பில் குறையும் உண்டு. படம் பெரிதாக இருந்தால் மார்பில் பிளாஸ்டிக் போர்த்தியது மாதிரி வேர்க்கும். நல்ல தூளும் சரியான சூடும் இல்லாவிட்டால் சில சலவைகளிலேயே வெடிப்பு விடும்.

படம் பையனுடையது. சரி, உடுப்பின் வடிவம்? "அதுக்கு நீங்க மாஸ்டரைப் பார்க்கோணும்" என்று வழி சொன்னார்கள். அவிநாசி ரோட்டில் பஸ் ஏறி, பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் இறங்கினேன். உள்தெருவில் ஓட்டு வீட்டின் பின்கட்டு. இரண்டு ஓவர்லாக், ஒரு பிளாட்லாக், ஒரு சிங்கர், ஒரு வெட்டு மேசை. சுவர் நெடுக ஆணிகளில் பழுப்பு அட்டைப் பேட்டர்ன்கள் தொங்கின. அறுபதை நெருங்கும் மாஸ்டர், காதில் பென்சில்.

"பெரிய டீ-சர்ட்னா சைஸைப் பெருசு பண்றதுன்னு நினைக்கிறாங்க. அப்படிப் பண்ணினா கழுத்தும் சேர்ந்து பெருசாயிடுமுங்க, தோள்ல நிக்காது" என்றவர் இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். சாதாரண அட்டையில் தோள் கோடு தோள்பட்டை எலும்போடு நிற்கிறது. இவர் வரைந்ததில் இரண்டரை அங்குலம் கீழே இறங்குகிறது. கைக்குழி ஆழம், கையின் மேல்வளைவு கிட்டத்தட்டத் தட்டை. ஆனால் கழுத்து மட்டும் பெரிதாகவில்லை. கழுத்துப்பட்டைக்கு லைக்ரா கலந்த ரிப் துணி, ஒரு அங்குலத்துக்கும் சற்று அதிக அகலம். கழுத்தைச் சுற்றி அளந்து வருவதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நீளம்தான் வெட்டுகிறார், இழுத்துப் பிடித்துத் தைக்கிறார். விட்டதும் பட்டை சுருங்கிக் கழுத்தைக் கவ்வுகிறது. உடம்பு தொளதொளவென்று இருக்க, கழுத்து மட்டும் கச்சிதமாக நிற்பது இதனால்தான். காதர்பேட்டையில் வாங்கியதைக் காட்டினேன். விரலால் பட்டையை ஒருமுறை இழுத்துவிட்டு, "இது நம்ம அட்டைங்க" என்றார், சாதாரணமாக.

ஒரு பேட்டர்னுக்கு என்ன கிடைக்கும்? 800 ரூபாய். சாம்பிள் தைத்துக் கொடுத்தால் இன்னொரு 400. அதில் ஆயிரம் பீஸ் போனாலும் லட்சம் போனாலும் அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி புது வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து ஆண்டு உரிமை உண்டு, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். மாஸ்டர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. இந்த ஊரிலேயே, முதலிபாளையத்தில், ஏற்றுமதியாளர் சங்கம் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமான நிஃப்டோடு சேர்ந்து 1997-இல் தொடங்கிய ஃபேஷன் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இவரிடம் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனதாகச் சொன்னார். நான் இருந்தபோது யாரும் வரவில்லை. ஆனால் மேசையில், கம்ப்யூட்டரில் எடுத்த பேட்டர்ன் தாளின் மேல் அவர் பென்சிலால் திருத்திய கோடுகள் தெளிவாகக் கிடந்தன.

பின்னால் இருந்து வேலை செய்கிறவரை முன்னால் நிறுத்தியவர்களும் உண்டு. வந்தவாசிக்காரரான உடை வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா 2025-இல் லண்டன் ஃபேஷன் வீக்கில் பவானி ஜமக்காளத்தை உடையாக்கிக் காட்டியபோது, அதை நெய்யும் முதியவரையும் மேடையில் நடக்கவைத்தார். பவானி இங்கிருந்து வெகுதூரம் இல்லை. அந்தப் படத்தை ஃபோனில் எடுத்துக் காட்டினேன். மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார். "நெசவுக்காரருக்குச் செஞ்சாங்களே, ரொம்பச் சரி" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் மறுபடி காதர்பேட்டை. சம்பளம் வாங்கிய கையோடு தொழிலாளிகள் தெருவை நிறைத்துவிட்டார்கள். ஒடிசா, பீகார் பையன்கள் முடியில் செம்பட்டை நிறமேற்றி, இதே பெரிய டீ-சர்ட்டைப் பேரம் பேசி 180-க்கு வாங்குகிறார்கள். செக்கிங் வேலைப் பெண்கள் நாலு பேர், சுடிதாருக்கு மேல் ஆண்கள் டீ-சர்ட்டை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். வாரம் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் உடுப்பில் நூல் பிசிறு வெட்டுகிற கைகள், சனிக்கிழமை தமக்குப் பிடித்ததை எடுக்கும்போது கொஞ்சமும் தயங்குவதில்லை.

தெருமுனையில் ஒரு பெண் தார்ப்பாயில் கழுத்துமாலைகள் பரப்பியிருந்தார். எல்லாம் கட்டிங் வேஸ்ட். எப்படிச் செய்கிறீர்கள் என்றதும் அரை அங்குல அகலச் சிங்கிள் ஜெர்சி துண்டு ஒன்றை எடுத்து இரு முனையும் பிடித்து இழுத்தார். ஓரங்கள் தாமாகவே உள்ளே சுருண்டு, துணி உருண்டைக் கயிறாகிவிட்டது. ஊசி இல்லை, கோந்து இல்லை. அப்படி இருபது கயிறு, மஞ்சளும் ஆரஞ்சும் கருநீலமுமாக, நடுவில் பித்தளை வளையம். மார்பு வரை இறங்கும் மாலை 150 ரூபாய், காதுக்கு 60. "தங்கம் வாங்க முடியாதுங்ணா, அதுக்காக வெறுங்கழுத்தா நிக்கணுமா" என்றார். அவர் கழுத்திலும் ஒன்று கிடந்தது, கடையிலேயே பெரியது. மாலை வாங்கிய பெண்கள் அதை அங்கேயே போட்டுக்கொண்டுதான் போனார்கள்.

டிசைன் வெளியிலிருந்து வருகிறது என்று சொன்னவருக்கு அந்த அட்டைகளைக் காட்ட வேண்டும். படத்தை வரைந்த பையன் தன் பிராண்டின் பெயரைக் கழுத்தில் அடித்துக்கொள்கிறான், அது அவன் உரிமை. பக்கத்தில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. சின்ன பிராண்டு நடத்துகிற தம்பி தங்கைகளே, பேட்டர்ன் போட்ட மாஸ்டரின் பெயரை அந்த லேபிளில் அடியுங்கள். பேட்டர்னுக்கு ஒரு தடவை 800 கொடுப்பதோடு நிறுத்தாமல், பீஸுக்கு ஒரு ரூபாய் எடுத்து வையுங்கள்.